பள்ளிக்கூடம் போன பெட்டி

குமாரவேல் காலையில் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது அவருடைய மகள் பிரகதி வாசற்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருப்பாள். அதே நேரத்தில் ஸ்கூட்டரின் முன்பக்கம், கால் வைக்கிற இடத்தில், அவருடைய மகள் பிரகதி பள்ளிக்கூடத்துக்குப் போகத் தயாராக இருப்பாள். முதலாமவள் பதினேழு வயதுப் பெண். இரண்டாமவள் டிபன் கேரியர் அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. முன்னால் ஒரு கேமரா, அதற்குக் கீழே ஒரு ஸ்பீக்கர், பக்கவாட்டில் பள்ளியின் முத்திரை. மேடு பள்ளத்தில் விழுந்துவிடக் கூடாதென்று குமாரவேல் அதைப் பழைய சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டியிருப்பார். பெட்டியைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, கணபதியில் இருக்கும் தன்னுடைய பம்பு ஒர்க்‌ஷாப்புக்குப் போவார். பெண் பஸ் பிடித்து சரவணம்பட்டியில் இருக்கும் கருடன்ஸ் அணியின் பயிற்சிக்கூடத்துக்கு, கம்ப்யூட்டரில் விளையாடப் போவாள்.

இந்த ஏற்பாட்டுக்கு அரசாங்கம் வைத்திருந்த பெயர் 'நிழல் மாணவர் திட்டம்'. நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டி, ஓர் ஆள் யோசிக்கிற விதத்தை ஒரு மாத காலம் பதிவெடுத்தால், அவரைப் போலவே யோசிக்கிற, பேசுகிற, கோபப்படுகிற நகல் ஒன்று கிடைத்துவிடும். அதைப் பெட்டியில் போட்டு வகுப்பில் வைத்தால் பாடம் கேட்கும், கேள்வி கேட்கும், பரீட்சை எழுதும். ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் பிள்ளைகளுக்காக வந்த திட்டம். அப்புறம் விளையாட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம் என்றார்கள். நம் ஊரில் ஒரு கதவைக் கொஞ்சம் ஒருக்களித்துத் திறந்தால் போதும், கல்யாணக் கூட்டமே உள்ளே நுழைந்துவிடும்.

பிரகதியின் வீட்டில் 'சரி', 'வேண்டாம்' என்ற இரண்டு வார்த்தைகளுக்கும் பெரிய பஞ்சம். அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குப் போகலாமா என்று கேட்டால் குமாரவேல் 'பாக்கலாம்' என்பார். வீட்டுக்கு வெள்ளையடிக்கலாமா என்றாலும் 'பாக்கலாம்'. அம்மா வாசுகி இன்சூரன்ஸ் ஏஜென்ட். 'எதுக்கும் ஒண்ணு இருக்கட்டும்' என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, அதுவே அவளுடைய வேதமாகிவிட்டது. இப்படிப்பட்ட இரண்டு பேரிடம்தான், பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குகிற நேரத்தில், கருடன்ஸ் அணியிலிருந்து ஆள் வந்து பெண்ணைக் கேட்டார்கள்.

'பாளையம்' என்ற அந்த ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். நடுவில் ஒரு கோட்டை. அணிக்கு ஒருவர் மட்டும் முன்னோடியாகக் கோட்டைக்கு வெளியே இருட்டுக்குள் போய், எதிராளிகள் எந்தப் பக்கமாக வரப்போகிறார்கள் என்று ஊகித்துச் சொல்ல வேண்டும். பிரகதி முன்னோடி. முகம் தெரியாத ஆட்கள் அடுத்து எங்கே திரும்புவார்கள் என்பதை அவர்கள் திரும்புவதற்கு முன்பே சொல்லிவிடுவாள். மாவட்டத்தில் அவளை அடிக்க ஆள் இல்லை. தன் அப்பாவின் மனதில் என்ன ஓடுகிறது என்பதை மட்டும் அவளால் ஒருநாளும் ஊகிக்க முடிந்ததில்லை.

ஆட்டத்துக்குப் போனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை பயிற்சி. பள்ளிக்கூடத்தை நிறுத்தியாக வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போனால் அணியில் இடம் கிடையாது, இந்த ஆட்டத்தில் இருபத்தைந்து வயதிலேயே கைவேகம் போய்விடும் என்பதால், இந்த வயதில் விட்டால் விட்டதுதான். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று பிரகதி கேட்டாள். பெரியப்பா வந்து, படிப்பை நிறுத்தின பெண்ணை நாளைக்கு எவன் கேட்டு வருவான் என்றார். வாசுகி, பிள்ளையின் ஆசையைக் கெடுத்த பாவம் நமக்கு வேண்டாம் என்றாள். அடுத்த நொடியே, எதுக்கும் ஒரு சர்ட்டிபிகேட் கையில் இருக்கட்டும் என்றும் சொன்னாள். குமாரவேல் இரண்டு வாரம் 'பாக்கலாம்' என்று சொல்லிவிட்டு, கடைசியில் பெட்டியோடு வந்து நின்றார்.

சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள அது எவ்வளவு வசதி. 'நிறுத்தலீங், ரெண்டும் பண்றா.' எல்லோருக்கும் திருப்தி. பிரகதிக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. போகாதே என்று சொல்லியிருந்தால் அழுது சண்டை போட்டு, ஒரு மாதத்தில் ஆறிப்போயிருப்பாள். போ என்று சொல்லியிருந்தால் தலைகீழாக நின்றாவது ஜெயித்துக் காட்டியிருப்பாள். இப்போது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் ஒப்படைப்பு நடக்கும். காந்திபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் மையம். பிரகதி சாய்வு நாற்காலியில் நெற்றிப் பட்டையோடு படுத்துக்கொள்வாள். பக்கத்து மேஜையில் பெட்டி, பேச்சு அணைக்கப்பட்டு, ஒயரோடு கிடக்கும். பிள்ளையும் நிழலும் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது என்பது விதி, வீட்டிலும் அதன் பேச்சை அணைத்தேதான் வைப்பார்கள். ஒரு மணி நேரம் கழித்து எழுந்தால் அந்த வாரத்துப் பாடம் முழுக்கத் தலைக்குள் இருக்கும். முதல் வாரம் எழுந்தபோது மின்காந்தத் தூண்டல் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருந்தது. அதைக் கரும்பலகையில் எழுதினது யார், நடுவில் யார் கொட்டாவி விட்டார்கள், மணி அடித்ததும் முதலில் ஓடினது யார் என்று ஒன்றும் தெரியவில்லை.

மையத்தில் பட்டை கட்டிவிடுகிற பானு அக்காவிடம் கேட்டாள்.

"எம் பக்கத்துல யாரு உக்காந்திருக்காங்கன்னே தெரியலயே அக்கா?"

"அது வராதும்மா. பாடம் மட்டுந்தான் வரும். கிளாஸ்ல மத்த புள்ளைங்க பேசறது, சிரிக்கறது எல்லாம் அவங்களோடது. அவங்க சம்மதம் இல்லாம இன்னொருத்தர் தலையில அத ஏத்தக் கூடாது. சிலபஸ்ல இருக்கறத மட்டும் வடிகட்டி உடுவோம்."

"எங்கிட்ட இருந்து அதுக்கு?"

"உங்கிட்ட இருந்து எல்லாமே போகும். நீ ஆடுன ஆட்டம், பட்ட கோவம், தின்ன பரோட்டா, அத்தனையும். இல்லாட்டி அது நீயா இருக்காதில்ல. ஒரு மாசம் சும்மா உட்டாப் போதும், வேற யாரோ ஆயிரும்."

பானு அக்கா சொன்னதில் தப்பு ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் இந்தக் கொடுக்கல் வாங்கலில் எங்கேயோ இடிக்கிறது என்று பிரகதிக்குத் தோன்றியது. அப்பாவிடம் சொன்னாள். பாடம் வருகிறதல்லவா, அதுதானே வேண்டும் என்றார் அவர்.

சரவணம்பட்டியில் முதல் இரண்டு மாதம் நன்றாகவே போயிற்று. பயிற்சியாளர் ஜெரால்டு முன்பு பெரிய ஆட்டக்காரர். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். வயது இருபத்தாறுதான், அதற்குள் பையன்கள் அவரைத் 'தாத்தா' என்று கூப்பிட்டார்கள். இரண்டு மணிக்கட்டிலும் எப்போதும் பட்டை சுற்றியிருக்கும். டீ கிளாசைக்கூட இரண்டு கையாலும்தான் பிடிப்பார். அவர் பிரகதியின் ஆட்டத்தைப் பின்னால் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தால் அன்றைக்கு அவள் நன்றாக ஆடினாள் என்று அர்த்தம்.

அப்புறம் அவர் சொல்ல ஆரம்பித்தார். திங்கட்கிழமை அவள் ஆட்டம் மந்தமாக இருந்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். ஒரு வாரத்துப் பாடத்தை ஒரு மணி நேரத்தில் விழுங்கின மூளை, அதைச் செரிக்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டது. வடக்கு மதில் பக்கம் எதிராளி வருகிறான் என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்ல வாயெடுக்கிற நேரத்தில் தொகையிடல் கணக்கு ஒன்று குறுக்கே வந்து நிற்கும். கண் சிமிட்டுகிற நேரம்தான் பிந்தும், அதற்குள் கோட்டை போய்விடும். தீபாவளி முடிந்ததும் ஈரோட்டிலிருந்து வந்த ஒரு பையனை முன்னோடியாக்கிவிட்டு, அவளை மாற்று ஆட்டக்காரராக பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

"உன் தலைக்குள்ள ரெண்டு குடித்தனம் நடக்குது பிரகதி. ஒண்ணக் காலி பண்ணச் சொல்லு. எதுன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார் ஜெரால்டு.

வீட்டில் வந்து அதைச் சொன்னாள். ஒப்படைப்பை நிறுத்திவிட்டால் பரீட்சைக்கு முன் நிழல் வேறு ஆளாகிவிடும், சர்ட்டிபிகேட் செல்லாது என்று வாசுகி பதறினாள். குமாரவேல் சாப்பிட்ட தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு, பரீட்சை வரைக்கும் பொறுத்துக்கொள் என்றார். பெஞ்சில் உட்கார்ந்து அடுத்தவன் தப்பாக ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. சொன்னாலும் புரியாது. பிரகதி கதவைச் சாத்திக்கொண்டு போய்ப் படுத்தாள். எரிச்சல் தாங்காமல் தலையணையை நாலு குத்துக் குத்தினாள்.

பள்ளிக்கூடத்தில் பெட்டி முதல் ரேங்க். பெற்றோர் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த வாசுகியின் முகம் பூரித்துப்போயிருந்தது. என்னமாகப் பேசுகிறாள், டீச்சர்களெல்லாம் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்றாள். யார் என்று பிரகதி கேட்டாள். நீதான் கண்ணு என்று சொல்லிவிட்டு வாசுகி சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். ஜூன் மாதத்தில் 'அது' என்று சொல்லிக்கொண்டிருந்தவள், பொங்கலுக்குள் 'அவ' என்று சொல்லப் பழகியிருந்தாள்.

ஒருநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாப் பக்கத்து பேக்கரியில் ஹர்ஷிணியைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். இப்போதெல்லாம் ஹர்ஷிணியிடமிருந்து போனில் ஒரு வரியும் வருவதில்லை, அதில் பிரகதிக்கு மனத்தாங்கல். ஆனாலும் பார்த்ததும் எல்லாம் மறந்துபோய், இரண்டு முட்டை பப்ஸ் வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஹர்ஷிணி மெலிந்திருந்தாள். என்னடி ஆயிற்று உனக்கு என்று பிரகதி சிரித்தபடி கேட்டாள். ஹர்ஷிணி கொஞ்ச நேரம் பப்ஸின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா திங்கக்கெழம கெளம்பிப் போயிட்டாங்க. சொன்னேனில்ல, அதே மாதிரி."

"எங்க போயிட்டாங்க?"

ஹர்ஷிணி நிமிர்ந்து பார்த்தாள். "உங்கிட்ட மட்டுந்தான்டி சொன்னேன். ரெண்டு மாசமா தெனமும் சொல்லிட்டிருக்கேன். நீ பேசுனதாலதான் நான் கிளாசுக்கே வரேன்."

பிரகதி கையிலிருந்த பப்ஸைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கரிம வேதியியல் முழுக்கத் தெரிந்திருந்தது. ஆனால் தன் சிநேகிதியின் வீடு இரண்டாக உடைந்தது தெரியவில்லை. அது பாடத்திட்டத்தில் இல்லை. எனக்கு அதெல்லாம் வராது, பாடம் மட்டும்தான் வரும் என்று தடுமாறிச் சொன்னாள். ஹர்ஷிணி கோபப்படவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, பரவாயில்லை, நாளைக்கு உன்னிடம் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கு அடுத்த வாரம் பிரகதி போன பஸ், 'பார்க் கேட்' சிக்னலில் நின்றபோது, ஜன்னலுக்குக் கீழே அப்பாவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. எட்டிக் கூப்பிடலாம் என்று நினைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குமாரவேல் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் முழுசாக நாலு வார்த்தை பேசாத மனிதர், ஒர்க்‌ஷாப்பில் தறுதலைப் பையன் ஒருவன் மோட்டாரைத் தலைகீழாக மாட்டிய கதையைக் கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். கீழேயிருந்து பிரகதியின் குரல் கேட்டது. "அப்பறம் அந்த அன்னூர்காரரு மோட்டாருக்குக் காயில் மாத்தியாச்சுங்களாப்பா?" மாற்றிவிட்டேன் கண்ணு, நீ சொன்ன மாதிரி அவரிடம் பதமாகப் பேசினேன் என்றார் குமாரவேல். சிக்னல் விழுந்தது. ஸ்கூட்டர் போய்விட்டது.

அன்னூர்காரர் ஒருவர் இருப்பதே பிரகதிக்குத் தெரியாது. அப்பாவிடம் ஒர்க்‌ஷாப்பைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருப்பாள், நேரம் இருந்திருந்தால். வீட்டுக்கு வரும்போதே எரிச்சலோடு வருகிறவளிடம் அவராவது என்ன பேசுவார்? அன்றைக்கு அவளுக்குப் பொறாமை வந்தது. அந்தப் பொறாமையும் ஞாயிற்றுக்கிழமை ஒயர் வழியாகப் பெட்டிக்குப் போய்ச் சேரும் என்று நினைத்தபோது இன்னும் எரிந்தது. வயிறு எரிகிறது என்று தனியாக எரியக்கூட முடியாத பிழைப்பு.

பொதுத்தேர்வு தொடங்கியது. மொழிப்பாடங்கள் முடிந்தன. திங்கட்கிழமை கணக்கு. அதே திங்கட்கிழமைதான், அடுத்த ஆண்டு லீக் போட்டிக்கு ஆட்டக்காரர்களின் பெயரை கருடன்ஸ் அணி கொடுத்தாக வேண்டிய கடைசி நாளும். முந்தின நாள் காலை, ஒப்படைப்புக்குக் கிளம்புகிற நேரத்தில், பிரகதி ஸ்கூட்டருக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"ஒரே ஒரு வார்த்த சொல்லுங்கப்பா. ஆடட்டுமா, படிக்கட்டுமா? வேண்டாம்னு சொன்னாக்கூட நான் உங்க மேல கோவிச்சுக்க மாட்டேன். சத்தியமா."

குமாரவேல் சாவியைத் திருகினபடி நின்றார். "நாளைக்குக் கணக்குப் பரீட்சை. முடியட்டுங் கண்ணு. பாக்கலாம்."

"பரீட்ச எனக்கில்லப்பா. அதுக்கு."

அவர் டியூப் முடிச்சை இழுத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. போகிற வழியெல்லாம் பிரகதி அவருக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மையத்தில் பானு அக்கா பட்டையைக் கட்டும்போது, உடம்பு இப்படிக் கொதிக்கிறதே, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்றாள். வேண்டாம் என்று பிரகதி கண்ணை மூடிக்கொண்டாள். இவர்கள் ஒருநாளும் முடிவெடுக்கப் போவதில்லை, நாளைக்கு யாரையும் கேட்காமல் நானே ஒன்றை முடித்துவிடப் போகிறேன் என்பது மட்டும்தான் அப்போது அவள் மனதில் இருந்தது. எதை முடிப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை.

மறுநாள் பஸ்ஸில் அது முடிவாயிற்று. முட்டை பப்ஸைப் பிய்த்துக்கொண்டிருந்த ஹர்ஷிணியின் விரல்கள் கண்ணுக்குள்ளேயே நின்றன. பெஞ்சில் உட்கார்ந்தே பாதி வருஷம் போயிற்று, இனி ஒரு வருஷம் போக வேண்டாம். ஆட்டத்தை விட்டுவிடலாம். பாக்கி இருக்கிற பரீட்சையைத் தானே எழுதலாம், காலேஜுக்குத் தன் உடம்போடு போகலாம், சாப்பாட்டு மணி அடித்தால் தானே ஓடலாம். ஜெரால்டின் அறைக்குப் போய், லீக் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றாள்.

ஜெரால்டு டீ கிளாசைக் கீழே வைத்தார். இன்றைக்கு எடுத்தால் அடுத்த வருஷம் வரைக்கும் எந்த அணியிலும் சேர முடியாது, ஒரு வருஷம் கை சும்மா இருந்தால் அப்புறம் உள்ளே வருவது கஷ்டம் என்று விளக்கினார். தெரியும் என்றாள். அவர் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

"போகாதன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வரல. போன்னு சொல்லவும் மனசு வரல," என்றார்.

"நீங்களுமா சார்?" என்றாள் பிரகதி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "எல்லாரும் இதையே சொல்லுங்க." திரையில் கட்டைவிரலை வைத்து அழுத்திவிட்டு வெளியே வந்தாள்.

வெளியே வந்ததும் ஆச்சரியமாக உடம்பு லேசாகிவிட்டது. வெயில்கூடச் சுடவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்று கரும்பு ஜூஸ் வாங்கிக் குடித்தாள். இன்று சாயங்காலம் அப்பாவிடம் அன்னூர்காரரைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அப்போதுதான் அம்மாவிடமிருந்து போன் வந்தது. உடனே பள்ளிக்கூடத்துக்கு வா என்றாள் வாசுகி. ஏனென்று சொல்லாமலே போனை வைத்துவிட்டாள்.

தலைமையாசிரியை மங்கையர்க்கரசியின் அறையில் மேஜைமேல் பெட்டி இருந்தது. அதற்கு நேர் எதிரே குமாரவேல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வாசுகி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிழல் மாணவர்கள் தனி அறையில் திரையில் பரீட்சை எழுதுவார்கள். இன்றைக்குப் பிரகதியின் நிழல் பதிவு எண்ணை எழுதிவிட்டு, மூன்று மணி நேரமும் ஒரு வரிகூட எழுதாமல் இருந்திருக்கிறது. கடைசி மணி அடித்ததும், முடிஞ்சுது மிஸ் என்று சொல்லியிருக்கிறது. பழுது ஒன்றுமில்லை, பார்த்தாகிவிட்டது. தலைமையாசிரியை விதியைச் சொன்னார். நிழல் தவறினால் உடனடி மறுதேர்வு கிடையாது. திட்டமும் ரத்து, பள்ளியில் பெயரும் போய்விடும். எல்லாப் பாடத்தையும் பிள்ளையே அடுத்த வருஷம் வெளியிலிருந்து, தனித்தேர்வராக, முதலிலிருந்து எழுத வேண்டும்.

"நாங்க கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது," என்றார் அவர். "நீங்க ரெண்டு பேரும் பேசக் கூடாதுதான். ஆனா இதுக்கு மேல விதிய வெச்சு நான் என்ன பண்றது? நீயே கேளும்மா."

பிரகதி பெட்டியின் கேமராவைப் பார்த்தாள். ஒரு வருஷத்தில் முதல்முறை.

"ஏன் எழுதல?"

"நீ ஆடணும்னுதான்," என்றது பெட்டி. அவளுடைய குரல், ஆனால் அவளைவிட நிதானமாக. "பள்ளிக்கூடம் இருக்கற வரைக்கும் உன்ன உடமாட்டாங்க. ஞாயித்துக்கெழம பாடத்த ஏத்திட்டே இருப்பாங்க. அது இல்லாமப் போயிட்டா உன் தல உனக்கே இருக்கும். வாரா வாரம் நீ பெஞ்சுல உக்காந்திருந்தது எனக்கு வந்துட்டே இருந்துச்சு. நானும் ஆடறவதானே. கையும் இல்லாம, அதப் பாத்துட்டே எத்தன நாள் இருக்க முடியும்?"

"நான் காலைல பட்டியல்ல இருந்து பேர எடுத்துட்டேன்."



"ஏன்?" என்றது பெட்டி.

"ஹர்ஷிணி பக்கத்துல வந்து உக்காரலாம்னு."

முந்தின நாள் அந்த நாற்காலியில் ஒரே கோபத்தைத்தான் இரண்டு பேருக்கும் பங்கு போட்டிருந்தார்கள். நாளைக்கு யாரையும் கேட்காமல் ஒன்றை முடித்துவிடுவேன் என்ற அந்த வீம்பு, ஒன்று பஸ்ஸிலும் ஒன்று ஸ்கூட்டரிலுமாக இரண்டு இடத்துக்குப் போயிற்று. ஒரே குணம், ஒரே பிடிவாதம். ஒருத்தி தன்னிடம் இருந்ததை விட்டாள், இன்னொருத்தியும் தன்னிடம் இருந்ததை விட்டாள். பெற்றவர்கள் ஒரு வருஷமாக எடுக்காத முடிவை, பிள்ளை ஒரே காலையில் இரண்டு தடவை எடுத்துவிட்டது.

வாசுகிக்குத்தான் முதலில் கணக்குப் புரிந்தது. "அப்ப அதுவும் போச்சு, இதுவும் போச்சா?" என்று தலைமையாசிரியையைப் பார்த்துக் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். இன்று சாயங்காலமே பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும் மெல்லச் சொன்னார்.

குமாரவேல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"கோவமாங்கப்பா?" என்றது பெட்டி.

அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பிரகதிக்கு முதலில் புரியவே இல்லை, அவர் அழுது அவள் பார்த்ததில்லை. ஒரு வருஷமாக இரண்டு பக்கத்துக்கும் நல்லவராக இருந்து, கடைசியில் இரண்டு பேரையும் நடுத்தெருவில் நிறுத்திவிட்ட மனிதர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு முன்னால் குனிந்தார். க்ரீஸ் கறை படிந்த கையை எடுத்துப் பெட்டியின்மேல் வைத்தார்.

"நீ ஆடு கண்ணு," என்றார். குரல் உடைந்திருந்தாலும் வார்த்தை தெளிவாகவே இருந்தது. "படிப்பு கெடக்குது, உடு. அப்பறமாப் படிச்சுக்கலாம். யாரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேன். உனக்கு எது புடிக்குதோ அதப் பண்ணு. அப்பா இருக்கேன்."

வாசுகி திடுக்கிட்டு நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். பிரகதி அவருடைய நாற்காலிக்குப் பின்னால், கைக்கு எட்டுகிற தூரத்தில், அவர் திரும்பிப் பார்ப்பார் என்று நின்றுகொண்டிருந்தாள். குமாரவேல் பெட்டியின் மூலையில் படிந்திருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டிருந்தார்.